போக வர 8 மைல்

அந்தக் காலத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்தை முழுசாகப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. சாலையோரம் நிற்கிற சனத்துக்குக் கிடைப்பது இரண்டே பார்வை. வண்டி போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. இரண்டும் கண் மூடித் திறக்கிற நேரம்தான். புழுதி, சக்கரச் சத்தம், சாரதியின் கூப்பாடு, அதோடு போய்விடும். நடுவில் இருபது நிமிடமோ அரை மணியோ வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். என் அய்யா எனக்கு மாடு சொல்லிக் கொடுத்தது அந்த அரை மணி நேரங்களில்தான்.

நான் 1964-ல் உத்தரகோசமங்கையில் பிறந்தவள். எங்கள் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மரகத நடராசர். வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கிறவருக்கு மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரு நாள் சந்தனம் களைவார்கள். அன்றைக்கு ஊர் கொள்ளாது. எங்கள் வீட்டில் அந்த நாளுக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. அய்யாவின் வண்டிக்கு ராமநாதபுரத்திலிருந்து விடிய விடிய நடை கிடைக்கும். மற்ற நாளெல்லாம் அவர் ஏற்றியது கரிமூட்டை. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுச் சுட்ட கரி. மிளகாய் வெள்ளாமைக் காலத்தில் முண்டு வத்தல். 18 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ராமநாதபுரத்துக்கு முன்னிரவில் வண்டி பூட்டினால் விடியும்போது போய்ச் சேரும். வண்டிக்காரர் தூங்கினாலும் மாட்டுக்கு வழி தெரியும்.

எனக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள். அவர்களுக்கு வண்டி என்றால் வேலை. தண்ணி காட்டு, சாணி அள்ளு, மை போடு என்று ஏவுவார் என்று பயந்து அய்யா கண்ணில் படாமல் திரிவார்கள். நான்தான் எங்கே கிளம்பினாலும் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்படித்தான் 1971 தை மாதத்தில், ஏழு வயதில், முதல் பந்தயத்துக்குப் போனேன். போட்டது முதுகுளத்தூர் போகும் சாலையில். அய்யா என்னைச் சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைத்துக் கூட்டிப் போனார். கையில் அவித்த பனங்கிழங்கு நான்கைந்து.

நான் நினைத்தது வண்டிகள் புறப்படுகிற இடத்துக்குப் போவோம் என்று. அங்கேதான் கொட்டு, ஒலிபெருக்கி, துண்டு போட்ட பெரிய மனிதர்கள், மாலை போட்ட மாடுகள் எல்லாம் இருந்தன. அய்யா அதைத் தாண்டி மிதித்துக்கொண்டே போனார். ஒன்றரை மைல் தள்ளி, கண்மாய்க் கரையை ஒட்டிச் சாலை லேசாக ஏறுகிற இடத்தில் சைக்கிளைச் சாத்தினார். அங்கே பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே நின்றார்கள். அத்தனை பேரும் வண்டிக்காரர்கள், மாட்டுத் தரகர்கள், லாடம் அடிக்கிறவர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பொறப்படுற எடத்துல எல்லா மாடும் நல்ல மாடுதான் ஆத்தா," என்றார். "திரும்பி வரையில இந்த ஏத்தத்துல பாரு. எந்த மாடு என்னங்கிறது இங்கிட்டுத்தான் தெரியும்."

பந்தயத்தின் கணக்கு இதுதான். தூரம் முன்கூட்டியே பேசி வைத்தது. போக வர 8 மைல் என்றால் நான்கு மைல் போய், அங்கே சாலை நடுவில் வைத்த பீப்பாயைச் சுற்றிக்கொண்டு நான்கு மைல் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் கொடி வாங்க வேண்டும். முதல் கொடி வாங்கிய வண்டிக்குத் தனிப் பரிசு. வண்டிக்கு இரண்டு பேர். கயிற்றைப் பிடிக்கிறவர் சாரதி. இன்னொருவர் துணைச் சாரதி. மாடு சுணங்கினால் இவர்தான் குதித்து இறங்கி, மாட்டோடு கூடவே ஓடி, மறுபடி வண்டியில் தொற்றி ஏற வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து ஓடுகிற வண்டியிலேயே ஏறுவதென்றால் காலில் எவ்வளவு வலு வேண்டும். எங்கள் பக்கத்தில் அவர்களை மாட்டைவிடக் கெட்டி என்பார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பந்தய நோட்டீசில் மட்டும் இன்றைக்கும் மைல்தான் அச்சாகிறது.

கொங்கு நாட்டு ரேக்ளா வேறு. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் நேர்த்தடம், வண்டி வண்டியாக விட்டு நேரத்தை அளந்து பரிசு கொடுப்பார்கள். அது பாய்ச்சலுக்கு வைத்த சோதனை. எங்கள் தெற்கத்திப் பந்தயம் தம்முக்கு வைத்தது. கூட்டமாகப் புறப்பட்டு, முட்டி மோதி, திரும்பி, அதே சாலையில் வீடு வந்து சேர வேண்டும். ஒரு வண்டிக்காரனின் ஒரு நாள் பிழைப்பை அரை மணி நேரத்துக்குள் சுருக்கி வைத்த மாதிரி இருக்கும்.

அந்த ஏற்றத்தில் அய்யா எனக்குச் சொன்னவை நிறைய. பல் பார்ப்பது முதல் பாடம். பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைத்தால் இரண்டு பல், பிறகு நாலு பல், ஆறு பல், எட்டும் நிறைந்தால் கடை சேர்ந்த மாடு. ஆறு பல்லுக்கு முன்னால் பெரிய மாட்டோடு பூட்டுகிறவனுக்கு மாடு வைத்திருக்கத் தகுதி இல்லை என்பது அவர் தீர்ப்பு. ஏறி வருகிற மாட்டின் காதைப் பார்க்கச் சொல்வார். காது பின்னால் படிந்திருந்தால் பயத்தில் ஓடுகிறது, முன்னால் நிமிர்ந்திருந்தால் தானாக ஓடுகிறது. வாயில் நுரை தொங்கினால் பரவாயில்லை, நாக்கு தொங்கினால் அந்த வண்டியை அதற்கு மேல் பார்க்காதே என்பார். வால் ஒரு பக்கமாக ஒடிந்து நின்றால் முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜோடியைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் பிடித்தமானது. நுகத்தின் இடப்பக்கத்து மாடு இடத்தன், வலப்பக்கத்து மாடு வலத்தன். பீப்பாயைச் சுற்றும்போது உள்பக்கத்து மாடு அடக்கி நின்று திரும்ப வேண்டும், வெளிப்பக்கத்து மாடு பாய்ந்து சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி முரட்டு மாடுகளாக இருந்தால் திருப்பத்தில் வண்டி சாய்ந்துவிடும். "ஒண்ணு பொறுக்கணும், ஒண்ணு பாயணும்," என்பார். அதனால் இரண்டு நல்ல மாடு ஒரே வீட்டில் இருந்தாலும் ஜோடி சேராது. ஓர் ஊர்க்காரர் மயிலை மாட்டைப் போட, இன்னோர் ஊர்க்காரர் செவலையைப் போட, இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒரே வண்டியாக ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பெண் கொடுத்து எடுக்காத வீடுகளும், சாமி கும்பிடுகிற இடம் வேறு வேறாக இருந்தவர்களும் மாட்டை ஜோடி போட்டார்கள். எங்கள் மாவட்டத்தின் பிற்காலச் சாதி மோதல் செய்திகளைப் படித்துவிட்டு எங்களை எடைபோடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறு விளையாட்டுக்கும் கூட்டிப் போயிருக்கிறார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய சடுகுடு பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக்கே உரிய எருதுகட்டும் பார்த்திருக்கிறேன். வைக்கோல் பிரியில் கைகனத்துக்குத் திரித்த நீள வடம், அதைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டுத் தூக்கி வந்து, மாட்டைக் கட்டிப் பொட்டலில் இறக்குவார்கள். கூட்டம் மிரளும்போது அய்யா என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். ஆனால் அங்கெல்லாம் அவர் பேச மாட்டார். அவருக்குப் பேச்சு வந்தது சாலையோரத்தில்தான்.

இந்தப் பந்தயம் எப்போது தொடங்கியது என்று அய்யாவிடம் ஒரு தடவை கேட்டேன். "சந்தையில இருந்து காலி வண்டி திரும்புன அன்னைக்கு," என்றார். அவருடைய தாத்தா சொன்னதாம். பாரம் இறக்கிய மாட்டுக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும், தானாக எட்டிப் போடும். பின்னால் வருகிற வண்டி முந்தப் பார்க்கும். முன்னால் போகிறவனுக்கு ரோசம் வரும். இதைவிட நம்பத்தகுந்த விளக்கத்தை நான் கேட்டதில்லை. இந்தச் சீமை வண்டிக்காரர்களின் சீமை. ஏறு தழுவுதலுக்குக் கலித்தொகையைச் சாட்சி காட்டுகிறோம். வண்டிக்கும் சாட்சி இருக்கிறது. உப்பு விற்கப் போகும் உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்ததைப் புறநானூற்றில் ஔவையார் ஓர் உவமையாகச் சொல்கிறார். அய்யாவின் வண்டிக்கு அடியிலும் சாக்கில் சுற்றிய கடையாணி இரண்டும் ஒரு முழக் கயிறும் எப்போதும் தொங்கும். அந்தப் பாட்டை நான் பின்னாளில் படித்தபோது எனக்குப் பொருள் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை.

ராமேசுவரத்துக்குப் போன சேது யாத்திரைக்காரர்களை மதுரையிலிருந்து கொண்டுவந்ததும் மாட்டுவண்டிதான். வழியெங்கும் சேதுபதிகள் கட்டிவைத்த சத்திரங்களில் ஆளுக்குச் சோறும் மாட்டுக்குத் தண்ணியும் கிடைத்தன. 1902-ல் மண்டபம் வரைக்கும் ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து ரயில் தீவுக்குள்ளேயே போனது. யாத்திரை வண்டிகளின் பிழைப்பு அதோடு ஒடிந்தது. ஆனாலும் தண்டவாளம் போகாத ஊர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். அந்த ஊர்களின் உப்பும் கருவாடும் நெல்லும் வத்தலும் இன்னும் எழுபது வருடத்துக்கு மாட்டின் முதுகை நம்பித்தான் இருந்தன. அய்யா அந்த எழுபது வருடத்தின் கடைசி ஆட்களில் ஒருவர்.

அவருடைய மாடு ஒரே ஒரு தடவை பந்தயத்தில் ஓடியிருக்கிறது. 1976 சித்திரை. வேறு ஊர்க்காரர் ஒருவருடைய செவலைக்கு ஜோடி மாடு காலில் அடிபட்டுவிட்டது. தரகர் ஒருவர் வந்து, உங்கள் மயிலையைத் தருவீர்களா என்று கேட்டார். பார மாடு, பந்தய மாடு இல்லை என்றார் அய்யா. மூன்று நாள் யோசித்தார். பிறகு ஒத்துக்கொண்டார், சின்ன மாட்டுப் பந்தயத்துக்கு மட்டும், மாடு ஓட்டுகிற தார்க்குச்சியில் முள் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பந்தயத்துக்கு முந்தைய பத்து நாளும் வீட்டில் வேலை அம்மாவுக்கு. பருத்திக்கொட்டையை ஊற வைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பால் எடுத்துக் கொடுக்க வேண்டும். உளுந்து அவிக்க வேண்டும். எங்களுக்கே நல்ல நாளில் கிடைக்கிற முட்டை மாட்டுக்குத் தினம் இரண்டு. அம்மாவின் உள்ளங்கை ஆட்டி ஆட்டிக் கன்றிப்போனது. பந்தயத்தன்று நானும் அய்யாவும் எங்கள் ஏற்றத்தில் போய் நின்றோம். புறப்படுகிற இடத்துக்கு அன்றும் அவர் போகவில்லை. போகும்போது எங்கள் வண்டி ஏழாவதோ எட்டாவதோ. அய்யா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது ஏற்றத்துக்குக் கீழே ஐந்தாவதாக இருந்தது. முன்னால் போன வண்டிகள் ஏற்றத்தில் சுணங்கின. எங்கள் மயிலைக்குப் பாரம் இழுத்த நெஞ்சு, ஏற்றம் அதற்கு ஏற்றமாகவே படவில்லை. எங்கள் கண்ணெதிரே இரண்டு வண்டிகளைத் தாண்டி மூன்றாவதாக ஏறிப் போனது. காது இரண்டும் முன்னால் நிமிர்ந்திருந்தன. அய்யா என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்றால் மறுநாள் வரை வலித்தது.

மூன்றாம் பரிசு ஒரு செம்புக் குடமும் 51 ரூபாயும். இரண்டு வீட்டுக்கு ஒரு குடம். செவலைக்காரர் ரூபாயை எடுத்துக்கொண்டு குடத்தை எங்களிடம் கொடுத்துவிட்டார். அய்யா அதை நேரே அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "ஒன் கைக்குக் கெடச்சது," என்றார். என் அம்மா தன் வாழ்நாளில் ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் நான் பெரியவளானேன். பந்தயத்துக்குப் போவது நின்றது. யாரும் திட்டவில்லை, தடுக்கவுமில்லை, தை மாதத்தில் அய்யா சைக்கிளை எடுத்தபோது நான் வாசலில் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் முறை. எங்கள் ஊரின் பெயரோடு எழுத்தில் நிற்கிற பழைய விளையாட்டு எது என்று பார்த்தால் அது பெண்களுடையது என்பதைப் பின்னால்தான் யோசித்தேன். மாணிக்கவாசகரின் திருப்பொன்னூசல், உத்தரகோசமங்கை ஈசனைப் பாடிப் பெண்கள் ஊஞ்சலாடுவதாக அமைந்த பதிகம். அம்மானை, சாழல், உந்தி, தோணோக்கம் என்று திருவாசகத்தில் பெண்கள் விளையாட்டின் பெயரில் எத்தனையோ பகுதிகள் இருக்கின்றன. ஆண்கள் ஓட்டிய வண்டிப் பந்தயத்துக்கு அப்படி ஓர் ஏடு எழுதப்படவில்லை. அதன் வரலாறு முழுக்க வாயில் இருக்கிறது. அந்த வாய்களும் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கின்றன.

நான் போகாவிட்டாலும் பந்தயம் எனக்கு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பந்தயம் முடிந்த இரவும் அய்யா திண்ணையில் உட்கார்ந்து, தார்க்குச்சியின் அடிமுனையால் மண்ணில் கோடு போடுவார். இது சாலை, இது பீப்பாய், இது நம்ம ஏத்தம். எந்த வண்டி எந்த இடத்தில் எதை முந்தியது, எந்த மாட்டுக்குக் காது எப்படி இருந்தது என்று வரிசை மாறாமல் சொல்வார். நான் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து கேட்பேன். அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்பார். இடையிடையே, "அந்த மாட்டுக்கு என்ன தீனி போட்டாகளாம்?" என்று அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். 1990-களில் மண்டபம் பக்கத்தில் இருந்தபோது, அகதி முகாமில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவருக்குக் கால் புண்ணுக்கு மருந்து கட்டப் போவேன். எங்கள் வீட்டில் வண்டிமாடு இருந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஊரில் அதற்குப் பெயர் சவாரி. சாலையில் இல்லை, சவாரித் திடல் என்று அதற்கென்றே விட்டுவைத்த வெளியில் ஓடுமாம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆசை. போரில் விட்டுவந்த வீட்டைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை, விட்டுவந்த இரண்டு மாடுகளைப் பற்றித்தான் பேசினார்.

அதற்குள் எங்கள் ஊரிலும் வண்டி குறைந்துவிட்டது. முதலில் டிராக்டர், பிறகு மினி லாரி. அய்யா 1988-ல் மாட்டை விற்றார். கரிமூட்டை ஏற்ற யாரும் கூப்பிடவில்லை. மயிலை அதற்கு முன்பே முதுமையில் செத்து, கொல்லைப்புறத்து வேம்படியில் புதைத்தாயிற்று. இதில் ஒன்றைக் கவனிக்கிறேன். பாரவண்டிகள் குறையக் குறையப் பந்தயம் பெருத்தது. நான் பார்த்த காலத்தில் பெரிய மாடு, சின்ன மாடு என்று இரண்டே பிரிவு. இன்றைக்கு நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று எத்தனையோ. பெயர் வைத்தவர்களின் ரசனையை மெச்ச வேண்டும், பறக்கிற எதையும் விடவில்லை. ஆனால் அய்யா காலத்தில் பந்தயம் என்பது உழைக்கிற மாட்டுக்கு வருடத்தில் ஒரு நாள் வைத்த பரீட்சை. இப்போது மாடே பரீட்சைக்காக வளர்கிறது. பாரமே இழுத்தறியாத மாடு, பந்தயத்துக்கென்றே செய்த லேசான வண்டி. வேகம் கூடியிருக்கிறது. எங்கள் ஏற்றத்தில் பார்த்த அந்த நெஞ்சு குறைந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

2006 மார்ச் மாதத்தில் ஒரு நாள் நான் செய்தித்தாளை அய்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணில் புரை. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கேட்டு ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போயிருந்தார். நீதிபதி ஆர். பானுமதி அனுமதி மறுத்ததோடு, ரேக்ளா, மாட்டுப் பந்தயம், ஜல்லிக்கட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை போட்டார். "நம்ம ஊர்ப் பக்கமா?" என்று இரண்டு தடவை கேட்டார் அய்யா. ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முள்ளுக் கம்பை விட்டிருந்தா கோர்ட்டுக்குப் போக வேண்டியது வந்திருக்காது," என்றார்.

அந்த வழக்கு போன தூரம் எல்லோருக்கும் தெரியும், புறப்பட்ட இடத்தை மறந்துவிட்டார்கள். 2007-ல் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. 2009-ல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 2011 ஜூலையில், காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு காளையையும் மத்திய அரசு சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் ஒரே தீர்ப்பில் தடை செய்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கான போராட்டத்தில் என் மகன் மெரினாவில் மூன்று இரவு உட்கார்ந்திருந்தான். அந்த மாதமே அவசரச் சட்டம் வந்து, பிறகு சட்டமன்றமும் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டுச் சட்டத்தையும், கர்நாடகத்தின் கம்பளா, மகாராட்டிரத்தின் வண்டிப் பந்தயம் இவற்றுக்கான சட்டங்களையும் செல்லும் என்றது. நாடு முழுக்க ஜல்லிக்கட்டு என்ற ஒரே சொல்தான் கேட்டது. அத்தனைக்கும் வித்து எங்கள் வறண்ட மாவட்டத்தின் ஒரு சாலைப் பந்தயம். இதை இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அய்யா சொன்னதை நான் மறக்கவில்லை. தார்க்குச்சியில் ஆணி இருந்தது உண்மை. வாலை முறுக்கியதும் கடித்ததும் உண்மை, நானே பார்த்திருக்கிறேன். நீதிமன்றம் அந்தக் காயத்தைப் பார்த்தது சரி. அதே மாட்டுக்கு ஆட்டுக்கல்லில் கன்றிய கை ஒன்று வீட்டுக்குள் இருந்ததைச் சொல்லத்தான் அங்கே யாரும் போகவில்லை. முள்ளை ஒழிக்க வேண்டும், பந்தயம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆளால் விரும்ப முடியும். என் அய்யா விரும்பினார்.

அவர் 2008-ல் இறந்தார். 2024-ல் நான் ஓய்வு பெற்றேன். அடுத்த தை மாதத்தில், 48 வருடத்துக்குப் பிறகு, ஒரு பந்தயத்துக்குப் போனேன். என் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நேரே ஏற்றத்துக்குப் போய் நின்றேன். கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக்கருவேல். ஏற்றத்தில் என்னையும் பேத்தியையும் தவிர ஆள் இல்லை. கூட்டமெல்லாம் புறப்படுகிற இடத்தில். வண்டிகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போயின, ஒவ்வொன்றிலும் பின்னால் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவர்கள் எடுத்ததைப் பேத்தி தன் போனில் காட்டினாள். பீப்பாய், திருப்பம், கொடி வாங்குகிற கை, நான் பிறந்ததிலிருந்து பார்த்திராததெல்லாம் அதில் தெரிந்தது. இப்போது பந்தயத்தை முழுசாகப் பார்க்கலாம். பதின்மூன்று வயதில் வீட்டோடு நின்றுவிட்ட பெண்ணும், அடுப்படியில் இருக்கிற அம்மாவும் பார்க்கலாம். அதில் எனக்கு உண்மையான சந்தோசம். ஆனால் வண்டிகள் போய்விட்ட பிறகு வெறும் சாலை இருந்ததே, அந்த நேரத்தில் பேத்தி போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைத் தொட்டு, திரும்பி வரும்போது காதைப் பாரு என்றேன். எதுக்கு என்று கேட்டாள். சொன்னேன். முதல் வண்டி ஏறி வந்தபோது, "அப்பத்தா, முன்னாடி நிக்கிது!" என்று கத்தினாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வண்டி ஓட்டியவர், லாடம் அடித்தவர், மாட்டுக்குத் தீனி ஆட்டிய அம்மா, யாராவது ஒருவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் வருகிற தைக்குள் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மாட்டின் பெயர், நிறம், ஜோடி, எந்தச் சாலை, என்ன பரிசு, எதுவானாலும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் தொடங்கிவிட்டேன். அய்யா சொன்னதில் நினைவிருப்பது இதுவரை 41 பக்கம் வந்திருக்கிறது.